பூக்க விடாத ஜினியாப் பாத்தி

எனக்கு முதலில் வந்தது இருமல் இல்லை, களைப்பு. அரிசி களைந்துவிட்டு நிமிர்ந்தால் மூச்சு வாங்கும். சாயந்திரமானால் கன்னம் இரண்டும் சுடும். என் மாமியார் அதைக் கண்டு என் வயிற்றைத்தான் பார்த்தார். மகள் பிறந்து ஐந்து வருடம் ஆகிவிட்டதே, அடுத்தது வரப்போகிறது என்று அவருக்கு நினைப்பு. மாங்காய்கூட வாங்கி வைத்தார். எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. தினமும் ஒரே நேரத்துக்குக் காய்ச்சல் வருவதும், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிவதும் பிள்ளை பெறப்போகிற உடம்பின் அடையாளம் இல்லை.

சந்தேகம் என் கூடப் பிறந்தது. கறிக்காரன் தராசைப் பார்ப்பேன், பால்காரர் செம்பைப் பார்ப்பேன், கோயிலில் பாவசங்கீர்த்தனம் (செய்த பாவத்தை அறிக்கையிடுவது) கேட்கும் சாமியார் தூங்கிவிட்டாரா என்றுகூடப் பார்ப்பேன். அதனால் இந்தக் கட்டுரையில் நான் யாரையாவது அதிகமாகச் சந்தேகப்பட்டிருந்தால், அது நோயின் குற்றம் மட்டும் இல்லை.

அது 1956. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி இரண்டாவது வருடம். சாரம் பகுதியில், கிணறும் பின்பக்கம் கொஞ்சம் தோட்டமும் உள்ள வீட்டில் இருந்தோம். என் கணவர் அந்துவான் அரசு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். நான் கான்வென்டில் தமிழ் படித்தவள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது இருமினேன். சோப்பு நுரையின் மேல் சிவப்பாக விழுந்தது. வெற்றிலைச் சாறு என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, நான் வெற்றிலை போடுவதில்லை. அந்த நுரையைக் காலால் தள்ளிவிட்டு, மிச்சத் துணியையும் அலசி முடித்தேன். சாயந்திரம் கணவரிடம் சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், என் கணவரிடம் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். டாக்டரும் தமிழர்தான். எனக்குத் தெரியக்கூடாத விஷயம் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம். வணக்கம், நன்றி, ஒரு ஜெபம். அதோடு மாதங்களின் பெயர்கள், கான்வென்டில் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பேச்சில் ஒரு மாதம் வந்தது. நொவாம்பர். டாக்டர் அதை இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை சொன்னபோது என் கணவர் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

பிறகு டாக்டர் என்னிடம் தமிழில் சொன்னார். "பிளூரிசி, மதாம். ஊசி போட்டுக்குங்க, நல்லா சாப்பிடுங்க, படுத்தே இருங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல." பிளூரிசி (நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறை வீங்கி நீர் கோத்துக்கொள்வது) உயிரைக் குடிக்கும் நோய் இல்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எதற்குப் பிரெஞ்சு?

தாழ்வாரத்தில் கணவரைக் கேட்டேன். "நவம்பர்ல என்னாங்க?"

"நவம்பர்ல இன்னொரு எக்ஸ்ரே எடுக்கணுமாம்."

"அதுக்கு ஏன் அவர் குரலு இறங்குச்சு?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகந்தான், ரோசலி. ரிக்‌ஷா வருது பாரு, ஏறு." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பின் வெராந்தாவில், தோட்டத்தைப் பார்த்தபடி எனக்குக் கட்டில் போட்டார்கள். காற்றோட்டம் வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வந்தன. டம்ளரைச் சுற்றி மாமியார் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தார். மகள் லூர்தைக் கருவடிக்குப்பத்தில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். "உனக்குத் தொந்தரவா இருக்கும்ல, அதான்" என்றார் மாமியார். பிளூரிசி வந்தவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அவளைக் கூட்டிவந்து பின் வாசல் படலுக்கு அப்பால் நிறுத்துவாள். நான் கையாட்டுவேன். அவளும் கையாட்டிவிட்டு அக்காவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு வலிக்கிறது, அந்த வலி நுரையீரலில் இல்லை.

தினமும் காலையில் ஊசி போட ஒரு கன்னியாஸ்திரி வருவார். நாங்கள் மாசேர் என்று கூப்பிடுவோம். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் என் பக்கம் கொண்டுவருவார். ஒரு நாள் அவசரத்தில் பாதிதான் சுரண்டியிருந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியை ஒடுக்கும் ஊசி மருந்து). என் பெரியப்பா மகனுக்கு இதே ஊசி போட்டார்கள். எனக்குத் தந்த பாஸ் என்ற பொடியும் அவனுக்குக் கொடுத்ததுதான் (கிருமி வளராமல் தடுக்கும் மருந்து, வாயில் போட்டால் குடலே வெளியே வருவதுபோல் குமட்டும்). அவன் பிழைக்கவில்லை.

நோயின் பெயரை நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் மறைத்தார்கள், நானும் மறைத்தேன். இதே நிலையில் படுத்திருக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். படுத்திருப்பவருக்குக் கண்ணும் காதும் தவிர வேறு வேலை கிடையாது. அவருக்குத் தெரியாமல் எதையும் ஒளித்துவைக்க முடியாது.

ஆகஸ்டு மாதக் கடைசியில் என் கணவர் தோட்டத்தில் இறங்கினார்.

விரலில் மை பட்டாலே எலுமிச்சம்பழம் தேய்க்கிற மனிதர் அவர். அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணைக் கொத்தினார். கிணற்றுக்கும் என் கட்டிலுக்கும் நடுவே, மேடான இடத்தில் ஒரு பாத்தி போட்டார். சாணி எரு கலந்தார். மாமியார் பக்கத்தில் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ அவர் கையில் கொட்டினார். தட்டையாக, அம்பு முனைபோல, சாம்பல் நிறத்தில் இருந்த விதைகள். எனக்கு உடனே தெரிந்தது. ஜினியா.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று எல்லாக் கிறிஸ்தவ வீடுகளும் உப்பளம் கல்லறைக்குப் போய், தங்கள் வீட்டுக் கல்லறைகளைக் கழுவிப் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும். பழைய கல்லறைகளுக்குக் கடைப்பூ போதும். ஆனால் அந்த வருடம் இறந்தவருக்கு மட்டும், என் மாமியார் வீட்டில், வீட்டு மண்ணில் வளர்த்த பூதான் வைப்பார்கள். அதற்கு ஜினியா. வாசனை கிடையாது, ஆனால் மண்மேல் வைத்தால் பல நாள் வாடாது.

1954இல் என் மாமனார் இறந்தார். அந்த ஆகஸ்டில் மாமியாரும் நானும் சேர்ந்துதான் ஜினியா விதைத்தோம். விதைத்து இரண்டு மாதத்தில் பூக்கும். நவம்பர் முதல் தேதி ஊரெல்லாம் புதுக் கொடியைப் பார்க்கப் போனது. மறுநாள் நாங்கள் கூடை நிறையச் சிவப்பும் ஆரஞ்சுமாகப் பூவைச் சுமந்துகொண்டு கல்லறைக்குப் போனோம். மிச்சம் விட்ட பூக்களைச் செடியிலேயே காயவைத்து மாமியார் விதை எடுத்துவைத்தார். மறு வருடம் அவர் விதைக்கவில்லை, வீட்டில் யாரும் இறக்கவில்லை.

1956இலும் யாரும் இறக்கவில்லை. அப்படியானால் இந்தப் பாத்தி யாருக்கு?

நொவாம்பர் என்ற சொல்லுக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. என் கண்ணெதிரே, என் கட்டிலுக்கு நேராக, எனக்கு வைக்கப்போகும் பூவை விதைக்கிறார்கள். அந்த நிமிடம் எனக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. மாமியார் கொண்டுவந்த கறிச்சாற்றைக் குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மொகத்த ஏன் திருப்புற? ஊசிக்கு ஒடம்புல தெம்பு வேணாமா?"

"தெம்பு எதுக்கு அத்தை?"

அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போனார். பசி தாங்காமல் ஆறின சாற்றைக் குடித்துத் தொலைத்தேன்.

விதைகள் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிட்டன. ஜினியாவுக்கு வேரில்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். இலை நனைந்தே கிடந்தால் கெடும், காற்றில்லாமல் நெருக்கமாக இருந்தால் சாம்பல் நோய் வரும் (இலைமேல் வெள்ளையாகப் பூசணம் படர்வது). கணவருக்கு இதெல்லாம் தெரியாது. பூவாளியால் மழைபோல் தெளித்தார். அடி இலைகள் வெளுத்தன. பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். செத்துத் தொலையட்டும் இந்தச் செடிகள் என்று நினைத்தேன். இரண்டு நாள்கூட என் வீம்பு நிற்கவில்லை.

"இலைல ஊத்தாதீங்க, வேர்ல ஊத்துங்க. வெளுத்த இலையக் கிள்ளித் தூரப் போடுங்க. நெருக்கமா இருக்கறதப் பிடுங்குங்க" என்று கட்டிலிலிருந்தே கத்தினேன். கத்தியதில் இருமல் வந்தது. என் கல்லறைப் பூவுக்கு நானே பக்குவம் சொல்கிறேன் என்பது இருமி முடித்த பிறகுதான் உறைத்தது.

செடி அரை முழம் வளர்ந்ததும் மாமியார் சொன்னார், "நுனியக் கிள்ளி வுடுடா. பக்கத்துல கெளை வெடிக்கும்." அது வழக்கம்தான். ஒரு முறை கிள்ளினால் செடி பக்கத்தில் கிளைத்து, பூ அதிகம் விடும். கணவர் கிள்ளினார்.

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அக்டோபரில் பக்கக் கிளைகளில் பட்டாணி அளவு மொட்டு வந்தது. ஒரு நாள் அலுவலகம் கிளம்பும் முன் அவர் பாத்தி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளி வேட்டி மடியில் போட்டுக்கொண்டார். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார். சில நாள் கழித்து மறுபடி. மொட்டு வரும்போதெல்லாம் கிள்ளினார்.

இதற்கும் எனக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. சந்தேகக்காரிக்கு விளக்கம் கிடைக்காமல் போகாது. சீக்கிரம் பூத்தால் அந்த நாளில் பூ பழசாகிவிடும். சரியாக இரண்டாம் தேதிக்கு விரிய வேண்டும் என்று, வரைபடக்காரர் அல்லவா, அளவெடுத்துக் கிள்ளுகிறார். இந்த மனிதரோடா எட்டு வருடம் குடும்பம் நடத்தினேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மழைக்காலம் தொடங்கியது. ஊசியால் என் காதுக்குள் ஓயாமல் ஓர் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. எழுந்து நின்றால் தரை சாய்ந்தது (இந்த ஊசி சிலருக்குக் காது நரம்பைத் தாக்கும்). மழையின் சத்தம் எது, காதின் சத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. சாகப்போவதால்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இருமலில் சிவப்பு வருவது நின்றிருந்தது. அதை நான் நம்பவில்லை. மாசேர் என்னைத் தராசில் நிறுத்தி "எடை கூடியிருக்கு" என்றபோது, தராசில் கோளாறு என்றேன்.

நவம்பர் இரண்டாம் தேதி வந்தது. மாமியார் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, நான்தான் இன்னும் இருக்கிறேனே, பூ மாமனாருக்காவது ஆகட்டும் என்று கூடையோடு பாத்திக்குப் போனார். மழை விட்டிருந்தது. செடிகள் புதர்போல் செழித்துப் பச்சையாக நின்றன. ஒரு பூ இல்லை.

"ஏண்டா அந்துவான், என்னடா இது? ஒரு மொட்டு கூட இல்லியே! ஆடு கீடு மேஞ்சிடுச்சா?"

"நான்தாம்மா கிள்ளினேன்."

"கிள்ளினியா? எதுக்குடா?"

மாமியார் அவரையும் என் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். வெறும் கூடையை எடுத்துக்கொண்டு, மாமனாருக்குக் கடைப்பூ வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். நான் கேட்டேன். "எனக்குத்தான அந்த வெத?"

அவர் வெராந்தாப் படியில் உட்கார்ந்தார். "நவம்பர் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. அம்மா கேட்டாங்க, சொன்னேன். வெதையக் கொண்டாந்து கையில குடுத்தாங்க. எனக்கு என்னா பண்றதுன்னு தெரியல ரோசலி, வெதைச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் கிள்ளினீங்க?"

"மொளைச்சப்புறம் பாத்தா தெனம் பயமா இருந்துச்சு. பிடுங்கிப் போட்டா உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பிடுங்கவும் கை வரல. பூக்க வுடவும் மனசு வரல. அதான் கிள்ளிக்கிட்டே இருந்தேன். பூத்தாதான நவம்பரு."

படித்த மனிதர், அலுவலகத்தில் அளவுகோல் வைத்து ஊரையே கோடு போடுகிறவர், இப்படிச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. என் சந்தேகம் முழுக்கச் சரி. ஆனால் அவர் விஷயத்தில் முழுக்கத் தப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்குவது கடினமாக இருந்தது. தொட வேண்டாம், தொற்றிக்கொள்ளும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமியார் கையில் மெழுகு ஒட்டியிருக்கத் திரும்பி வந்தார். அவரையும் நான் விடவில்லை. "அத்தை, உசுரோட இருக்கறவளுக்கு எதிர்லயே வெதைச்சீங்களே, உங்களுக்கு மனசு கூசலியா?"

அவர் கூசவில்லை. கோபப்பட்டார். "பின்ன என்னாடி? இந்த வூட்டுக்கு வாழ வந்தவ நீ. உனக்குக் கடைப்பூ வாங்கி வெக்கச் சொல்றியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு அடக்கியும் நிற்கவில்லை. சிரிப்பு இருமலாகி, நான் குனிந்தபோது மாமியார்தான் எச்சில் கிண்ணத்தைப் பிடித்தார். முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளாமல் பிடித்தார். கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளையாத்தான் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு என் கணவர் மொட்டைக் கிள்ளவில்லை. மழை ஓய்ந்து, டிசம்பர் பாதியில் அந்தப் பாத்தி பூத்தது. அத்தனை முறை கிள்ளப்பட்ட செடிகள் அல்லவா, ஒவ்வொன்றும் பத்துச் செடி அளவுக்குப் பரந்திருந்தது. சிவப்பு, ரோசா, மஞ்சள். கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி மாமியார் அந்தப் பூவை வைத்தார். கல்லறைப் பூவைக் குழந்தை இயேசுவுக்கு வைக்கிறாளே என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமியார் அவர்களோடு ஈஸ்டர் வரை பேசவில்லை.

அடுத்த வருடம் மார்ச்சில், டாக்டர் என்னைப் பார்த்து, தமிழில், "உங்களுக்கு இருந்தது காசம், மதாம். இப்ப சளியில கிருமி இல்ல" என்றார். "தெரியும்" என்றேன். முதல் பாதிக்குத்தான் அந்தப் பதில். இரண்டாம் பாதியை நம்ப எனக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. ஊசிக்குப் பதிலாகக் கொடுத்த மாத்திரைகளும் அதுவரை தொடர்ந்தன. லூர்து வீட்டுக்கு வந்த அன்று அவளைக் கட்டிக்கொள்ளாமல் வெகுநேரம் நின்றேன். அவள்தான் வந்து கட்டிக்கொண்டாள்.

இப்போது 1962, அக்டோபர். என் இடது நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது என்கிறார்கள். கிணற்றில் குடம் இழுக்க முடியாது. முக்காலி போட்டு உட்கார்ந்துதான் களை எடுக்கிறேன். காதில் அந்த இரைச்சல் போகவில்லை. ஊர் அமைதியாக இருக்கும்போது அது கூடுதலாகக் கேட்கும். அது கேட்கும்வரை நான் இருக்கிறேன் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த வருடம், மகள் கல்யாணம் என்றெல்லாம் மற்றவர்கள் பேசும்போது நான் தலையாட்டுகிறேன், ஆனால் என் மனம் அவ்வளவு தூரம் போவதில்லை. விதைத்தால் பூக்கும்வரை போகிறது. அந்தத் தூரம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

இந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் என் மாமியார் இறந்துபோனார். அவருக்குக் கடைப்பூ வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதே பாத்தியின் வழிவந்த விதைகளை ஆகஸ்டில் விதைத்தேன். இலை நனையாமல் வேரில் ஊற்றினேன். நுனியை ஒரு முறைதான் கிள்ளினேன். மொட்டுகள் இப்போது நிறம் காட்டுகின்றன. இரண்டாம் தேதிக்குச் சரியாக விரியும்.

விதை கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாக்க வேண்டாம் என்று பக்கத்தில் இன்னொரு சின்னப் பாத்தி போட்டிருந்தேன். முளைத்தபோது என் கணவர் வெராந்தாவிலிருந்து பார்த்தார்.

"அது அம்மாவுக்கு. இது யாருக்கு?"

"யாருக்குமில்ல. பாக்கறதுக்குத்தான்."

அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. போன மாதம் எனக்கு நாலு நாள் சளிக் காய்ச்சல் வந்தது, அதை அவர் மறக்கவில்லை.

இன்று காலை களை எடுக்க உட்கார்ந்தபோது பார்த்தேன். அத்தையின் பாத்தியில் மொட்டுகள் அப்படியே இருந்தன. சின்னப் பாத்தியில் ஒரு மொட்டுகூட இல்லை, எல்லாம் கிள்ளப்பட்டிருந்தன. உள்ளே என் கணவர் ஒன்றும் அறியாதவர்போல் எலுமிச்சம்பழத்தால் விரல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு பாத்திக்கும் வேரில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்தேன்.